மருந்து கேட்கவில்லை: பன்றியின் குடலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும்

பன்றிப் பண்ணையில் கழிச்சல் வந்து, கொடுத்த மருந்தில் பலன் இல்லாமல் போனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மருந்து கேட்கவில்லை." யாருக்குக் கேட்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இன்னும் கேட்டால், "ஊசி போட்டுப் போட்டு உடம்பு பழகிவிட்டது" என்பார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. பன்றியின் உடம்பு எதற்கும் பழகவில்லை. மாறியிருப்பது அதன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம்.

இந்தக் குழப்பத்தில் தமிழுக்கும் சிறு பங்கு உண்டு. "நோய் எதிர்ப்பு" என்கிறோம், "மருந்து எதிர்ப்பு" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் எதிர்ப்பு என்று வருவதால் இரண்டும் உடம்பின் குணம் போலத் தோன்றிவிடுகிறது. நோய் எதிர்ப்பு பன்றியிடம் இருப்பது. அது கூடக் கூட நல்லது. மருந்து எதிர்ப்பு பாக்டீரியாவிடம் இருப்பது. அது கூடினால் நமக்குச் சிக்கல். எதிர்ப்பது யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தாயிடமிருந்து பிரித்து ஐந்தாறு நாள் ஆன குட்டிகள் இருக்கும் ஓர் அடைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை வரை தீவனத் தொட்டியை முட்டிமோதிய குட்டிகளில் நான்கைந்து காலையில் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. வாலும் பின்னங்கால்களும் ஈரம். தரையில் மஞ்சள் கலந்த தண்ணீர் போன்ற கழிவு, இரத்தம் இல்லை. ஒரு குட்டியைத் தூக்கினால் நேற்றைய எடை இல்லை. கண் குழிவிழுந்திருக்கிறது, வயிற்றோரத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது. நன்றாக வளர்ந்த குட்டி ஒன்று எந்த அறிகுறியும் காட்டாமல் இரவோடு இரவாகச் செத்துக் கிடப்பதும் உண்டு.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை. ஈ.கோலை எல்லாப் பன்றிக் குடலிலும் சாதுவாக இருப்பதுதான். ஆனால் நோய் உண்டாக்கும் வகையிடம் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய இழைகள். எஃப்4, எஃப்18 என்று பெயர். இன்னொன்று நச்சு. குடல் செல்கள் வழக்கமாக நீரை உள்ளே இழுக்கும். இந்த நச்சு பட்டால் நீரை வெளியே கொட்டத் தொடங்கும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் அந்த நீரிழப்புதான். குடல் சுவரில் இழை பற்றுவதற்கான பிடிமானம் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே இல்லை. அதே அடைப்பில், அதே அழுக்கைத் தின்றும் அவை இந்தக் கழிச்சலுக்கு ஆளாகாமல் இருக்கும்.

ஏன் சரியாகத் தாயைப் பிரிந்த வாரத்தில் வருகிறது? தாய்ப்பாலில் இருந்த தற்காப்புப் புரதங்கள் அன்றோடு நின்றுவிடுகின்றன. வயிற்றில் அமிலம் போதுமான அளவு சுரக்கத் தொடங்கவில்லை. புதிய தீவனத்தின் புரதம் முழுதும் செரிக்காமல் கீழே இறங்கி பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. இயற்கையாக விட்டால் மூன்று, நான்கு மாதத்தில் படிப்படியாகப் பால் மறக்கும் உயிரினத்தை மூன்று, நான்கு வாரத்தில் ஒரே நாளில் பிரிக்கிறோம். என்னைக் கேட்டால் நோயின் பாதிக் காரணம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். ஈ.கோலை வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழு மணி நேரத்தில் 21 முறை பிரிந்தால் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குடலுக்குள் இத்தனை வேகம் எப்போதும் இருக்காது என்றாலும் எண்ணிக்கை கோடிக்கணக்கில்தான். இத்தனை முறை மரபணுவைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை வராமல் இருக்குமா? பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் நடக்காது. எப்போதாவது ஒரு பிழை, அந்த ஒரு பாக்டீரியாவை ஒரு மருந்திலிருந்து காப்பாற்றும் மாற்றமாக அமைந்துவிடும். மருந்து வருவதற்கு முன்பே அது கூட்டத்தில் ஒன்றாக, யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன, அது பிழைக்கிறது. இப்போது அதற்குப் போட்டியே இல்லை, இடமும் உணவும் முழுக்க அதற்கே. ஆக, மருந்து எதிர்ப்பை உருவாக்குவதைவிட, ஏற்கெனவே இருப்பதைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறது என்பதே பொருத்தம். வயலில் ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடித்தால் கடைசியில் அதற்குச் சாகாத களை மட்டும் செழிப்பதைப் போலத்தான்.

பிழைத்த பாக்டீரியா செய்யும் தந்திரங்கள் பலவிதம். பென்சிலின் வகை மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பவை உண்டு. டெட்ராசைக்ளின் உள்ளே வர வர பம்பு வைத்து இறைப்பது போல வெளியேற்றுபவை உண்டு. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தையே சற்று மாற்றி வைத்துக்கொள்பவையும் உண்டு. பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி என்ன செய்யும்?

பாக்டீரியா இந்தத் தந்திரத்தைப் பெற்றோரிடமிருந்து மட்டும் பெறுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். பிளாஸ்மிட் என்ற சிறு வளைய டிஎன்ஏ இருக்கிறது. ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி அதன் நகலைக் கொடுத்துவிட முடியும். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் கோர்த்த மணிபோல இருக்கலாம். அப்போது ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மற்ற நான்கின் எதிர்ப்பும் சேர்ந்தே பிழைக்கும். கழிச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத சாது ஈ.கோலையும் இந்த வளையத்தைச் சேமித்து வைத்திருந்து, நாளை நோய் வகை வந்தால் அதற்குக் கொடுத்துவிடும். அதனால்தான் நோயில்லாத பன்றிக்குக் கொடுக்கும் மருந்தும் கணக்கில் சேருகிறது.

இரண்டு உதாரணம் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அப்ராமைசின் கால்நடைகளுக்கு என்றே இருந்த மருந்து. மனிதருக்கு வழக்கமான சிகிச்சையில் கொடுத்ததில்லை, எனவே அதை எவ்வளவு கொடுத்தாலும் மனித மருத்துவத்துக்குப் பாதிப்பில்லை என்று தோன்றும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் ஒன்று, மனிதருக்கு மிக முக்கியமான ஜென்டாமைசினையும் செயலிழக்கச் செய்கிறது. இரண்டாவது, ஆன்டிபயாடிக்கே இல்லாத துத்தநாக ஆக்சைடு. தாயைப் பிரிந்த குட்டிகளின் தீவனத்தில் அதிக அளவில் கலந்தால் கழிச்சல் குறைந்ததால் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு சில பாக்டீரியாக்களில் மருந்து எதிர்ப்பு மரபணுவின் பக்கத்திலேயே இருப்பதால், துத்தநாகம் கொடுத்தால் மருந்து எதிர்ப்பும் வளர்ந்தது. மண்ணிலும் துத்தநாகம் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பயன்பாட்டை 2022 ஜூனில் நிறுத்திவிட்டது.

இதுவரை ஈ.கோலையைப் பற்றியே பேசினேன். பன்றியின் குடலில் நோய் உண்டாக்குபவை வேறு பல உள்ளன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிறந்த ஓரிரு நாளில் வரும் தண்ணீர்க் கழிச்சல் மீண்டும் ஈ.கோலையாக இருக்கலாம். முதல் வாரத்தில் இரத்தம் கலந்து போய்க் குட்டி சட்டென்று செத்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் சி வகையைச் சந்தேகிக்க வேண்டும். அதில் சிகிச்சைக்கு நேரமே கிடைப்பதில்லை, தாய்ப்பன்றிக்கு முன்கூட்டியே போட்ட தடுப்பூசிதான் காப்பாற்றும். ஒரு வாரம் தாண்டிய பால்குடிக் குட்டிக்குக் களிம்பு போன்ற கழிச்சல் என்றால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். ரோட்டா வைரஸாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நோய்க்காரணிக்கு ஒன்றும் ஆகாது. குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கு மட்டும் பயிற்சி கிடைக்கும்.

வளரும் பன்றிகளிடம் முக்கியமானவர்கள் இருவர். லாசோனியா சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தடித்த ரப்பர் குழாய் போலாக்கிவிடும். பன்றி தின்னும், வளராது. இந்த பாக்டீரியா குடல் செல்லுக்குள்ளேயே வாழ்கிறது. எனவே செல்லுக்குள் நுழையும் மருந்து தேவை. தயாமுலின், டைலோசின், டெட்ராசைக்ளின் போன்றவை அப்படிப்பட்டவை. குடல் குழாயிலேயே தங்கிவிடும் கொலிஸ்டின் என்ற மருந்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் லாசோனியாவுக்கு எட்டாது. மருந்து கேட்காமல் போவதற்கு எப்போதும் எதிர்ப்புதான் காரணம் என்று நினைக்கக்கூடாது. ஆளை மாற்றி அடித்தாலும் அதே விளைவுதான்.

இன்னொருவர் பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டெரியே. பெருங்குடலைத் தாக்கி, சளியும் இரத்தமும் கலந்த கழிச்சலை உண்டாக்குவது. இதன் எதிர்ப்புக் கதை பாடப்புத்தகத்துக்கே உரியது. டைலோசின் இதற்கு ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்தது. டைலோசின் ஒட்டும் இடம் பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம். அங்கே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், டைலோசின் ஒட்டாது. பக்கத்திலேயே ஒட்டும் லின்கோமைசினும் சேர்ந்து பலனிழக்கும். ஒரு பிழையில் இரண்டு மருந்துக் குடும்பங்கள் போய்விட்டன. தயாமுலினுக்கான எதிர்ப்பு அப்படி ஒரே தாவலில் வருவதில்லை, பல சிறு மாற்றங்கள் சேர்ந்து படிப்படியாக வருகிறது. அதனால்தான் தயாமுலின் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. அதற்கும் கேட்காத பிராக்கிஸ்பைரா இன்று உண்டு. தயாமுலினைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: காக்சிடியாவை அடக்கும் சலினோமைசின், மோனென்சின் போன்ற மருந்துகள் கலந்த தீவனத்தைத் தின்னும் பன்றிக்குத் தயாமுலின் கொடுத்தால் தசை சிதைந்து பன்றி சாகக்கூடும். மருத்துவர் தீவன மூட்டையின் சீட்டைக் கேட்பது சும்மா அல்ல.

ஆக "எந்த மருந்து?" என்ற கேள்விக்கு முன்னால் "எந்தக் கிருமி?" என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மாதிரி எடுப்பதில்தான் பல பண்ணைகள் கோட்டை விடுகின்றன. மூன்று மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சாகும் நிலையில் உள்ள பன்றியிடமிருந்து எடுத்து அனுப்பினால், மருந்துக்குத் தப்பியது மட்டுமே தட்டில் முளைக்கும். நோய் அன்றுதான் தொடங்கிய, இன்னும் மருந்து படாத இரண்டு மூன்று குட்டிகளின் மலக்குடலிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுப்பதே சரி. செத்து வெயிலில் கிடந்த பன்றியின் குடலில் கிடைப்பது அழுகலின் கதை மட்டும்.

ஈ.கோலை என்றால் இரத்தம் கலந்த ஊட்டத் தட்டில் ஒரே இரவில் முளைத்துவிடும். கழிச்சல் உண்டாக்கும் வகைகளில் பல, தம்மைச் சுற்றியுள்ள இரத்தத்தைக் கரைத்துத் தெளிவான வளையம் போடும். அந்த பாக்டீரியாவை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வட்டம் போதிய அகலத்தில் இருந்தால் அந்த மருந்து வேலை செய்யும். வில்லையின் விளிம்பு வரை முளைத்திருந்தால் வேலை செய்யாது. மருந்து கேட்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிராக்கிஸ்பைராவுக்கு இத்தனை சுலபமில்லை. ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் பல நாள் வளர்க்க வேண்டும். லாசோனியா செல்லுக்கு வெளியே தட்டில் வளரவே வளராது. மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை அது இருப்பதைச் சொல்லுமே தவிர, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. முடிவு வரும்வரை பன்றி காத்திருக்காது என்பதால் மருத்துவர் அந்தப் பண்ணையின் பழைய முடிவுகளைப் பார்த்து முதல் மருந்தைத் தீர்மானிப்பார். பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்தும் பண்ணைக்கு இதில் பெரிய லாபம்.

சரியான மருந்து கிடைத்த பிறகும் அளவு தவறலாம். நோயுற்ற பன்றி முதலில் விடுவது தீவனத்தை. ஆகவே தீவனத்தில் மருந்து கலந்தால் நல்ல பசியுள்ள ஆரோக்கியமான பன்றி நிறையத் தின்னும், வேண்டியதற்குக் கிடைக்காது. தண்ணீர் கொஞ்சமாவது குடிக்கும் என்பதால் கூட்டத்துக்குத் தண்ணீர் வழி மேல். எழ முடியாத பன்றிக்கு ஊசிதான். தண்ணீரிலும் கணக்கு வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 8 கிலோ எடையில் 100 குட்டிகள், மொத்தம் 800 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 8 கிராம் மருந்து. அவை குடிப்பது 80 லிட்டர் என்று எண்ணி அதில் கரைக்கிறோம். ஆனால் நிப்பிள் குழாய் ஒழுகி, தொட்டியிலிருந்து இறங்கியதில் பாதி சாக்கடைக்குப் போயிருந்தால்? குட்டிக்குக் கிடைத்தது அரை அளவு. உறுதியான பாக்டீரியாவைக் கொல்லாமல், பிழைத்து நிற்பதற்கு வாய்ப்பளிக்கும் அளவு அது. சாக்கடை பாக்டீரியாவுக்கும் இலவசமாக ஒரு பங்கு.

அதற்காக நாளைக் கூட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. "எதற்கும் இன்னும் ஒரு வாரம் கொடுத்துவிடலாம்" என்பது பாதுகாப்பாகத் தோன்றும். குடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கு அது பொறுக்கி எடுக்கும் வேலை நடக்கும் இன்னும் ஒரு வாரம். குறித்த அளவு, குறித்த நாள். இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டால் அளவைக் கூட்டாமல் மருத்துவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இதற்கிடையே உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை மறந்துவிடக்கூடாது. நச்சு வெளியேற்றும் நீரை ஆன்டிபயாடிக் திருப்பித் தராது. வெதுவெதுப்பான, காய்ந்த இடமும் உப்புக் கரைசலும் சேர்ந்து காப்பாற்றும் குட்டிகளின் பெருமையைப் பெரும்பாலும் மருந்துதான் தட்டிச் செல்கிறது.

பன்றிக் குடலில் நடப்பது அங்கேயே நிற்பதில்லை என்பதற்கு கிழக்கு ஜெர்மனியின் அனுபவம் ஒன்று போதும். அங்கே 1980களில் நோர்சியோத்ரிசின் என்ற மருந்தைப் பன்றிகளுக்கு வளர்ச்சி ஊக்கியாக, அதாவது நோயில்லாமலே வேகமாக வளர வேண்டும் என்று, கொடுத்தார்கள். மனிதருக்கான சிகிச்சையில் அந்த மருந்தும் அதன் உறவு மருந்துகளும் பயன்பாட்டில் இல்லை. சில ஆண்டுகளில் அதற்கான எதிர்ப்பு மரபணு பன்றிகளின் ஈ.கோலையில் தென்பட்டது, பிறகு பண்ணையில் வேலை செய்தவர்களிடம், அவர்கள் குடும்பத்தாரிடம், பன்றி வளர்க்காத ஊர்க்காரர்களிடம், கடைசியில் சிறுநீர்த் தொற்றோடு வந்த நோயாளிகளிடம். மனித சிகிச்சையில் இல்லாத மருந்து என்பதால், எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று வாதாடவே இடமில்லாமல் போயிற்று.

2015 நவம்பரில் வந்த செய்தி இதைவிடப் பெரியது. சீனாவில் ஒரு பன்றியின் ஈ.கோலையில் எம்சிஆர்-1 என்ற மரபணு கிடைத்தது. அது கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தருவது, பிளாஸ்மிட்டில் அமர்ந்து ஊர் சுற்றுவது. கொலிஸ்டின் பன்றிக் கழிச்சலுக்கு மலிவான மருந்து. மனித மருத்துவத்திலோ வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்ததில் 804 விலங்குகளில் 166 இடமும், 523 இறைச்சி மாதிரிகளில் 78 இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அந்த மரபணு இருந்தது. கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதைச் சீனா 2017 இல் நிறுத்தியது. அதன்பின் பன்றிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை வெகுவாகக் குறைந்தது. பொறுக்கி எடுக்கும் கை நின்றால், எதிர்ப்பைச் சுமப்பதால் கிடைத்த ஆதாயமும் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் எழும் ஒரு சந்தேகம்: "விலக்குக் காலம் முடிந்துதானே இறைச்சிக்கு அனுப்புகிறோம்?" விலக்குக் காலம் என்பது கடைசி மருந்துக்கும் வெட்டுக்கும் இடையே விடும் நாட்கள். அது பார்த்துக்கொள்வது இறைச்சியில் தங்கும் மருந்தை. பாக்டீரியாவுக்கு அந்த நாட்காட்டி தெரியாது. மருந்து முழுதும் வெளியேறிய பன்றியின் குடலிலும், அது போட்ட உரத்திலும், எதிர்ப்புள்ள பாக்டீரியா இருக்கலாம். நன்றாகச் சமைத்தால் இறைச்சியில் உள்ளது செத்துவிடும். வெட்டும் பலகையில் ஒட்டியதும், பண்ணையாளின் கையில் ஒட்டியதும் அடுப்பைப் பார்ப்பதில்லை.

ஆன்டிபயாடிக்கை வளர்ச்சி ஊக்கியாகக் கொடுப்பதை ஸ்வீடன் 1986 இலேயே நிறுத்தியது. டென்மார்க் பன்றிகளில் 1990களின் இறுதியில். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல். டென்மார்க்கில் நிறுத்தியபோது தாயைப் பிரிந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடி, சிகிச்சைக்கான மருந்து சில காலம் அதிகம் தேவைப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. தீவனத்தில் நாள்தோறும் சிந்திய மருந்து மூடி வைத்திருந்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது: சீக்கிரம் பிரிப்பது, நெருக்கம், ஈரத் தரை, புரதம் மிகுந்த முதல் தீவனம்.

அவற்றைச் சரிசெய்வதில் எனக்கு மிகப் பிடித்தது சீம்பால். பன்றிக்குட்டி தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் துளியும் இல்லாமல் பிறக்கிறது. நஞ்சுக்கொடி வழியாக அது கடப்பதில்லை. பிறந்த ஒரு நாளுக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்தில், குடித்த சீம்பால்தான் அதன் சொத்து. பிறகு குடல் அந்தப் பெரிய புரதங்களுக்குக் கதவை மூடிவிடும். பன்னிரண்டாவதாகப் பிறந்து, மடிக்கு வழி கிடைக்காமல் மூலையில் நடுங்கும் குட்டியை எடுத்துக் காம்பில் விடுகிற ஆளின் ஐந்து நிமிடத்துக்கு ஈடான புட்டி மருந்துக் கடையில் இல்லை. தாய்க்கு ஈ.கோலை, கிளாஸ்ட்ரிடியம் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தச் சீம்பாலின் மதிப்பு இன்னும் கூடும். லாசோனியாவுக்கும், பிரிந்த வாரத்து ஈ.கோலைக்கும் வாய்வழி உயிர்த் தடுப்பு மருந்துகள் உள்ளன. அவற்றில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. கொடுக்கும் நாட்களை ஒட்டித் தண்ணீரில் ஆன்டிபயாடிக் ஓடினால் தடுப்பு மருந்தே செத்துவிடும்.

பிராக்கிஸ்பைராவுக்கு அப்படிப் பரவலாக நம்பத்தக்க தடுப்பூசி இல்லை. பன்றிகளுக்கு மருந்து கொடுத்து, கொட்டகையைக் கழுவி, காயவிட்டு, கிருமிநாசினி அடித்து, புதுக்கூட்டத்தை இறக்குவார்கள். குளிர்ந்த ஈரக் கழிவில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் காயவிடுவதுதான் இதில் பெரிய வேலை. சுவர்ப் பொந்தில் இருக்கும் சுண்டெலி அதை மாதக்கணக்கில் குடலில் சுமக்கும். அதற்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. இரவில் புதுக்கூட்டத்தின் தீவனத் தொட்டிக்குள் அதுவும் இறங்கும்.